துவர்ப்பு போக வேண்டும், பழம் குழையக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூருக்குச் சுற்றுலா வந்த வாசகர் ஒருவர், சாலையோரக் கடையில், பார்ப்பதற்குத் தக்காளிபோல் இருக்கும் பெர்சிமன் பழத்தை வாங்கிக் கடித்ததும் வாயெல்லாம் இழுத்துக்கொண்டது என்றும், அது கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழமாகத்தான் இருக்கும் என்றும், அதிகாரிகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் எழுதியிருந்தார். மேட்டுப்பாளையத்தில் வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அறை நடத்துகிறவன் நான். என் தகப்பனார் காலத்தில் தாரை அடுக்கி மூட்டம் போட்டுப் புகைவிட்டுப் பழுக்க வைத்தோம். இப்போது காயைக் கனிய வைக்கும் எத்திலீன் வாயுவை விடுகிற அறைதான். சீசனில் மலையிலிருந்து இறங்கும் பெர்சிமனில் ஒரு பகுதி என் கொட்டகை வழியாகத்தான் கோவைக்கும் சென்னைக்கும் போகிறது. அந்த வாசகரின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் சந்தேகப்பட்ட காரணம் நடந்ததற்கு நேர் எதிரானது. அவர் கடித்த பழத்தை யாரும் பழுக்க வைக்கவில்லை. அதனால்தான் வாய் இழுத்தது.

கார்பைடு பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கல் வைப்பவர்களுக்குப் பரிந்து பேச இந்தக் கடிதம் எழுதப்படவில்லை. கால்சியம் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கிறது. அதைக் கொண்டு பழுக்க வைத்த பழத்தை விற்கக் கூடாது என்று 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை போட்டிருக்கின்றன. அந்தத் தடை ஒரு துளியும் தளரக் கூடாது என்பதே என் கருத்து. எத்ரல் என்ற பெயரில் விற்கும் எத்திபான் மருந்தின் கரைசலில் பழங்களை முக்கி எடுப்பதும் தவறுதான். எத்திபானிலிருந்து எத்திலீன் வாயுவை உண்டாக்கி அந்த வாயுவைப் பழத்துக்குக் கொடுக்கலாம். கரைசல் பழத்தின் மேல் படக் கூடாது. இதையெல்லாம் தொழிலில் இருக்கிற நாங்கள்தான் முதலில் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும். ஆனால் கல்லுக்குத் துவர்ப்பைக் கூட்டும் குணம் கிடையாது. கல் வைத்த பெர்சிமன் குழைந்துபோகும்; குழைந்தால் துவர்ப்பும் இறங்கிவிடும். கெட்டியாக, நல்ல செம்மஞ்சள் நிறத்தில் இருந்து, கடித்ததும் நாக்கை மரத்துப்போகச் செய்தால், அது மரத்திலிருந்து பறித்தபடியே கடைக்கு வந்த பழம் என்றுதான் பொருள்.

பெர்சிமனில் டானின் என்ற, நீரில் கரையும் துவர்ப்புப் பொருள் ஏராளமாக இருக்கிறது. கடிக்கும்போது அது வெளியே வந்து உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாயின் வழவழப்பு போய்விடுவதால்தான் இழுப்பதுபோல் இருக்கிறது. கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சிய தலைமுறைக்கு இந்தச் சரக்கு பழக்கமானதுதான். டானினும் இரும்பும் சேர்ந்தால் கருக்கும். பெர்சிமனில் துவர்ப்பு மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதற்கு இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் இதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். இரும்பு உப்பில் நனைத்த தாளில் குறுக்கே வெட்டிய பழத்தை அழுத்தி எடுப்பார்கள். துவர்ப்பு உள்ள இடமெல்லாம் தாளில் கறுப்பாக விழும். துவர்ப்பு நீங்கிய பழம் தாளை வெளுப்பாகவே விடும். எங்கள் கொட்டகையிலும் இப்படிச் செய்து பார்க்கிறோம். ஒரே கூடையில் எடுத்த பழங்களில் ஒன்று தாளைக் கரியாக்கும், அடுத்தது விதையைச் சுற்றி மட்டும் தெளிந்திருக்கும்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபுயு, ஜிரோ போன்ற ரகங்களுக்கு மரத்திலேயே துவர்ப்பு போய்விடும். பறித்து, தோல் சீவி, கெட்டியாகவே தின்னலாம். ஹச்சியா, ஹிரடனெனாஷி, ஸ்பெயினின் ரோஹோ பிரியான்டே, இஸ்ரேலின் டிரையம்ப் ஆகியவை முழுமையாக நிறம் ஏறிய பிறகும் துவர்க்கும். இவை இரண்டுக்கும் நடுவே இன்னொரு வகை உண்டு. பூவில் மகரந்தம் சேர்ந்து விதை பிடித்தால் விதையைச் சுற்றிய சதை பழுப்பேறித் துவர்ப்பு நீங்கும். விதை பிடிக்காத பழம் துவர்ப்பாகவே நிற்கும். இரண்டும் ஒரே கிளையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். வாங்கியவர் ஒன்றைத் தின்று ருசித்து, நம்பி இன்னொன்றைக் கடித்து ஏமாறுவது இதனால்தான். தட்டையாக இருந்தால் துவர்க்காது, நீண்டிருந்தால் துவர்க்கும் என்று சில கடைக்காரர்கள் சொல்கிறார்கள். ஹச்சியா நீளமானது, ஃபுயு தட்டையானது என்பது உண்மைதான். ஆனால் ஹிரடனெனாஷியும் டிரையம்ப்பும் தட்டையாக இருந்தே துவர்க்கும் ரகங்கள். அந்தக் கணக்கை நம்பி வாங்குவதில் பயனில்லை.

பெர்சிமன் நமக்கு முற்றிலும் அந்நியமான மரமும் அல்ல. கருங்காலியும் பனிச்சையும் பீடி இலை மரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பச்சைப் பனிச்சங்காயின் சாற்றை மீன்வலைக்கும் படகின் அடிப்பாகத்துக்கும் பூசிய பழக்கம் நம் நாட்டில் இருந்தது. தண்ணீரில் கிடந்தாலும் நூல் எளிதில் மக்காது. ஜப்பானில் துவர்ப்புப் பெர்சிமன் காயை இடித்துச் சாறெடுத்துப் புளிக்க வைத்து, வலைக்கும் தாளுக்கும் மரச் சாமான்களுக்கும் பூசினார்கள், இன்றும் பூசுகிறார்கள். வலையைக் காப்பாற்றுகிற இந்தத் துவர்ப்பு வயிற்றுக்குள் போனால் சும்மா இருக்காது. துவர்ப்பு நீங்காத பெர்சிமனை, அதுவும் வெறும் வயிற்றில், நிறையத் தின்றால் இரைப்பையில் அது இறுகிக் கட்டியாகிவிடுவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆகவே ருசி பிடிக்காவிட்டால் துப்பிவிடலாம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. காசு கொடுத்து வாங்கியாயிற்றே என்று சிரமப்பட்டு விழுங்குகிற பெரியவர்களை என் கடை வாசலிலேயே பார்த்திருக்கிறேன்.

இப்போது தொழில் விஷயத்துக்கு வருகிறேன். துவர்ப்பு ரகத்தைத் தின்பதற்கு நம் ஊரில் தெரிந்த வழி ஒன்றுதான். குழையும் வரை காத்திருப்பது. குழைந்த பழத்தில் டானின் கரையாத நிலைக்குப் போய்விடுகிறது. உள்ளே இருந்தாலும் நாக்குக்குத் தெரியாது. வீட்டுக்கு இது போதும். வியாபாரத்துக்குப் போதாது. குழைந்த பழத்தின் தோல் அப்பளம்போல் மெலிந்து, உள்ளே கூழாக இருக்கும். அதைக் குன்னூரில் லாரி ஏற்றி, பர்லியாறு வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கொண்டுவந்தால் என்ன மிஞ்சும்? மேல் அடுக்கைத் தூக்கினால் கீழ் அடுக்கு பழம் பழமாக வராது. காம்பைப் பிடித்தால் காம்பு மட்டும் கையோடு வரும். பெட்டியின் மூலையில் சாறு தேங்கி, அதில் ஈ மொய்த்துக் கிடக்கும். பழத்தை எடுக்கும் ஆள் ஒவ்வொரு பெட்டிக்கும் கை கழுவ வேண்டும். கழுவினாலும் பிசுக்கு போகாது. மண்டிக்காரர் பாதி விலை சொல்வார், அதுவும் அன்றைக்கே விற்றால்தான். இந்த நிலையைப் பார்த்துப் பயந்த வியாபாரி அடுத்த முறை கெட்டிப் பழமாகவே ஏற்றிக் கெட்டிப் பழமாகவே விற்கிறார். வாங்கியவர் வாய் இழுத்துக் கடிதம் எழுதுகிறார். நடுவில் மாட்டிக்கொண்டவர் தோட்டக்காரர். பறிக்கிற கூலிக்குக் கட்டாது என்று பழத்தை மரத்தடியில் உதிர விட்டுவிட்ட தோட்டங்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். துவர்ப்பை நீக்குவது வேறு வேலை, பழத்தைக் கனிய வைப்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் இத்தனை நஷ்டம். எத்திலீன் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து நடக்கும். பழம் இனிக்கும், கூழாகவும் ஆகிவிடும். பழத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு துவர்ப்பை மட்டும் எடுக்கலாம் என்பது உலகத்தில் பல நாடுகள் அன்றாடம் செய்து காட்டுகிற உண்மை.

ஸ்பெயினில் வலென்சியா பக்கம் இதனால்தான் பெர்சிமன் சாகுபடியே தலையெடுத்தது. ரோஹோ பிரியான்டே ரகத்தை அங்கே முன்பு கூழாகத்தான் கரண்டியால் எடுத்துத் தின்றார்கள். தூரத்துச் சந்தைக்கு அது போகவில்லை. 1990களின் கடைசியில் கரியமில வாயு முறை வந்தது. நன்கு அடைத்த அறையில் 95 சதவீதத்துக்குக் குறையாமல் கரியமில வாயுவை நிரப்பி, ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நாள் வைக்கிறார்கள். ஆக்சிஜன் கிடைக்காத பழம் வேறு வகையில் சுவாசிக்கத் தொடங்கி, சதைக்குள் அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளை உண்டாக்குகிறது. அது டானினைப் பிணைத்துக் கரையாத பொருளாக்கிவிடுகிறது. பழம் பறித்தபோது இருந்த கெட்டியிலேயே வெளியே வருகிறது. ஆப்பிள் மாதிரி வெட்டி, தட்டில் அடுக்கித் தின்னலாம். இஸ்ரேலில் டிரையம்ப் பழத்தை இதே முறையில் பக்குவப்படுத்தி, ஷாரோன் சமவெளியின் பெயரில் ஷாரோன் பழம் என்று உலகெங்கும் விற்கிறார்கள்.

இதில் என்னைப் போன்ற வாழைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எங்கள் அறையில் கரியமில வாயு சேர்ந்துவிட்டால் வாழை சரியாகப் பழுக்காது. காய் சுவாசித்து வெளிவிடும் அந்த வாயுவை வெளியேற்றத்தான் அவ்வப்போது கதவைத் திறந்து காற்றாட விடுகிறோம். வாழைக்கு ஆகாது என்று நாங்கள் வெளியே தள்ளுகிற அதே வாயுதான் பெர்சிமனுக்கு மருந்து. வாழைக்கு நாங்கள் மருந்தாகக் கொடுக்கிற எத்திலீன் பெர்சிமனுக்கு எமன். இரண்டையும் ஒரே கொட்டகையில், ஒரே லாரியில், ஒரே ஆள் ஒரே பழக்கத்தில் கையாண்டால் பெர்சிமன் எப்படித் தப்பும்?

ஜப்பானில் சாராய வழி பழையது. ஷோச்சு என்ற காய்ச்சி வடித்த மதுவில் பழத்தின் காம்புப் பக்கத்தை லேசாகத் தொட்டெடுத்து, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் போல வைத்துவிடுவார்கள். சாராய ஆவி உள்ளே போய் அதே அசிட்டால்டிஹைடாக மாறி அதே வேலையைச் செய்யும். வாகயாமா மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், பழம் மரத்தில் தொங்கும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு பை கட்டி, பைக்குள் திடச் சாராயம் வைத்து, மரத்திலேயே துவர்ப்பை எடுக்கிறார்கள். அந்தப் பழத்தை வெட்டினால் சதை முழுக்கக் கரும்பழுப்புப் புள்ளிகளாக இருக்கும். இனிப்பு அதிகம், விலையும் அதிகம். சீனாவிலும் கொரியாவிலும் பழத்தை வெதுவெதுப்பான தண்ணீரில், சுமார் 40 டிகிரியில், இரவு முழுக்க ஊற வைத்துத் துவர்ப்பை எடுக்கும் நாட்டு வழக்கம் உண்டு. இதற்கு ஓர் அண்டாவும் விறகும் தண்ணீரின் சூட்டைப் பார்க்க ஒரு தெர்மாமீட்டரும் போதும். சூடு கூடினால் பழம் வெந்து தோல் கறுத்துவிடும், குறைந்தால் துவர்ப்பு நிற்கும். ஆகவே கூடவே ஆள் இருந்து பார்க்க வேண்டும். நம் மலைக் கிராமங்களில் மகளிர் குழுக்கள் எடுத்துச் செய்யத் தக்க வேலை இது.

துவர்ப்பு போன பிறகு, அல்லது துவர்ப்பே இல்லாத ஃபுயுவாக இருந்தாலும், குழையாமல் காப்பது அடுத்த வேலை. இதற்கு எத்திலீனைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். வாழைக்கு என் அறையில் பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை எத்திலீன் கொடுக்கலாம் என்பது விதி. பெர்சிமனுக்கு 20 டிகிரியில் பத்து லட்சத்தில் 10 பங்கு இருந்தாலே இரண்டு நாளில் குழைந்துவிடும். ஒரே ஒரு பங்கு இருந்தால்கூட ஆறு நாளில் ஆள் காலி. கலிபோர்னியாவில் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். பழுத்த வாழைத்தாரோ மாம்பழப் பெட்டியோ இருக்கும் லாரியில் மேலே இரண்டு பெட்டி பெர்சிமனை ஏற்றி அனுப்புவது என்ன செயல் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். பெட்டிக்கு மேல் இடம் காலியாக இருக்கிறதே என்று ஓட்டுநர் பார்க்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொரு செய்தி என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. பெர்சிமன் தானாக வெளியிடும் எத்திலீன் மிகக் குறைவு. அப்படியானால் வாழையே இல்லாத இடத்திலும் அது ஏன் திடீரென்று குழைகிறது? ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2000களின் தொடக்கத்தில் இதற்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். பழத்தின் தலையில் நான்கு மடலாக ஒட்டியிருக்கும் பச்சைப் புல்லிதான் அது. பறித்த பழம் அந்தப் புல்லி வழியாக ஈரத்தை இழக்கிறது. ஈரம் வற்றத் தொடங்கியதும் புல்லி எத்திலீனை உண்டாக்குகிறது. அது சதைக்குள் பரவி, சதையும் தன் பங்குக்கு எத்திலீனை உண்டாக்கத் தொடங்கிவிடுகிறது. புல்லியை வாட விடாமல் பார்த்துக்கொண்டால் பழம் பல நாள் கூடுதலாக நிற்கும். ஈரம் உறிஞ்சாத அட்டைப் பெட்டியோ, சிறு துளைகள் இட்ட பாலிதீன் உறையோ அங்கே இதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் என்ன செய்கிறோம்? காய்ந்த வைக்கோலைப் போட்டு அதன்மேல் பழத்தை அடுக்குகிறோம். அடிபடாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் வைக்கோல் புல்லியின் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடுகிறது.

கோத்தகிரி சாலையில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அம்மா வரப்போரத்தில் பெர்சிமன் மரங்கள் வளர்க்கிறார். அவருடைய பெட்டி மட்டும் எப்போதும் கெட்டியாகவே வந்து சேரும். காரணம் தெரிந்துகொள்ள ஒரு பறிப்பின்போது போய் நின்று பார்த்தேன். மற்றவர்கள் பழத்தைப் பிடித்துத் திருகி இழுப்பார்கள். புல்லியில் ஒரு மடல் கிளையோடு நின்றுவிடும். அவர் கவாத்துக் கத்தரியால் காம்பை ஒட்ட நறுக்கினார். நறுக்கியதும் மிச்சக் காம்பு அடுத்த பழத்தைக் குத்தாமல் இருக்க இன்னொரு முறை கத்தரி வைத்துத் தட்டையாக்கினார். பழத்தைத் தலைகீழாக, புல்லி கீழே இருக்கும்படி, ஒரே அடுக்காக வைத்தார். ஏன் அப்படி என்று கேட்டேன். “தலை காஞ்சா உடம்பு தாங்காதுங்க” என்றார். பெட்டியை உரச்சாக்கின் உள் உறையைக் கழுவி விரித்து மூடினார். ஜப்பானில் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்ததை அவர் தன் மரங்களைப் பார்த்தே அறிந்து வைத்திருக்கிறார். அவரிடம் போய்க் கற்றுக்கொள்ள எந்தப் பயிற்சி முகாமும் ஏற்பாடு செய்யப்படவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். (உரச்சாக்கின் உறை வேண்டாம் அம்மா, உணவுக்கான பாலிதீன் தாள் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அது விலை குறைந்த பொருள்தான்.)

குளிர்பதனம் பற்றியும் தவறான எண்ணம் இருக்கிறது. பழம் கெடாமல் இருக்கப் பிரிட்ஜில் வைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். பெர்சிமனுக்கு வீட்டுப் பிரிட்ஜின் குளிர்தான் மிகவும் ஆகாதது. 0 டிகிரியை ஒட்டி வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். ஜப்பானில் ஃபுயு பழத்தை ஒவ்வொன்றாகப் பாலிதீன் உறையில் அடைத்து 0 டிகிரியில் வைத்து, குளிர்காலம் முழுக்க விற்கிறார்கள். ஆனால் 5 டிகிரியிலிருந்து 15 டிகிரி வரைக்கும் அதற்கு ஆபத்தான வட்டம். 5, 7 டிகிரியில் சேதம் மிக மோசமாக இருக்கும். குளிரில் இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. வெளியே எடுத்து ஓரிரு நாளில் சதை ஜெல்லியாகிக் கண்ணாடிபோல் தெரியும். கத்தி வைத்தால் வழுக்கும். வாழையை நாங்கள் வைக்கும் 13, 14 டிகிரிக் குளிரறையும் இந்த ஆபத்து வட்டத்துக்குள்தான் வருகிறது. ஆகவே வாழைக் குளிரறையில் இடம் இருக்கிறது, நாலு நாள் போட்டு வையுங்கள் என்று யாராவது சொன்னால் தோட்டக்காரர்கள் சம்மதிக்க வேண்டாம். உண்மையான குளிர்பதனக் கிடங்கு கிடைத்தால் 0 டிகிரி, இல்லாவிட்டால் குளிரே வேண்டாம். நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்துச் சீக்கிரம் விற்பதே மேல்.

ஸ்பெயினிலும் இஸ்ரேலிலும் ஜப்பானிலும் கிடங்கில் வைப்பதற்கு முன் 1-எம்சிபி என்ற வாயுவைக் காட்டுகிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சிஸ்லரும் சில்வியா பிளாங்கன்ஷிப்பும் 1990களில் கண்டறிந்தது இது. செல்லுக்குள் எத்திலீன் போய் ஒட்ட வேண்டிய இடத்தில், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல், இது முன்கூட்டியே உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எத்திலீன் வந்தாலும் பழம் அதை உணராது, குழைவதும் தள்ளிப்போகும். ஆப்பிள் கிடங்குகளில் இது பரவலாகப் பயன்படுகிறது. மலையில் கிடைக்கும் சிறு அளவு பெர்சிமனுக்கு இன்றே இது தேவை என்று நான் சொல்லவில்லை. புல்லியை வாடாமல் காப்பதும், எத்திலீன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதும் முதலில் நடக்கட்டும்.

கரியமில வாயுவை நான் முயன்று பார்த்துவிட்டேன். கொட்டகையின் தனி மூலையில், வாழை அறைகளிலிருந்து விலகி, கனமான பாலிதீன் தாளில் கூடாரம் அடித்து, விளிம்பை மணல் மூட்டையால் அழுத்தி, உணவுத் தரமுள்ள வாயுவைச் சிலிண்டரிலிருந்து விட்டு ஒரு நாள் அடைத்து வைத்தோம். திறந்ததும் காடி கலந்த ஒரு மணம் வந்தது. அது காற்றாட விட்டதும் போய்விட்டது. மறுநாள் பழத்தை வெட்டினேன். கத்தி நறுக்கென்று இறங்கியது. துண்டு விறைப்பாக நின்றது. இரும்பு உப்புத் தாளில் அழுத்தினால் ஓரிரு பொட்டுகளைத் தவிர வெளுப்பு. சுமை தூக்கும் ஆட்கள் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தார்கள். ஒருவர் முகத்திலும் சுளிப்பு இல்லை. கிடங்கில் அன்று பரவிய சந்தோஷத்தை இந்தக் கடிதத்தில் எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதை வீட்டிலோ கடையின் பின்னறையிலோ யாரும் செய்து பார்க்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த அடர்த்தியில் கரியமில வாயு ஆளைக் கொன்றுவிடும். நிறமோ புகையோ இல்லாததால் முன்கூட்டித் தெரியாது. கூடாரத்துக்குள் யாரும் தலையை நுழைக்கக் கூடாது, திறந்த பிறகு காற்றாடும் வரை பக்கத்தில் குழந்தைகள் இருக்கக் கூடாது. வாழை அறைக்குள் முன்பின் யோசிக்காமல் நுழைந்து மயங்கியவர்களைப் பற்றி இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். வீட்டில் செய்ய வேண்டுமானால் எளிய வழி இருக்கிறது. துவர்க்கும் பழத்தை ஒரு காகிதப் பையில் நன்றாகப் பழுத்த இரண்டு வாழைப்பழங்களோடு போட்டுச் சுருட்டி வைத்துவிடுங்கள். சில நாளில் தொட்டால் அமுங்கும் அளவு குழைந்துவிடும். மேல்பகுதியை வெட்டிவிட்டுக் கரண்டியால் எடுத்துத் தின்னுங்கள், தேனாக இருக்கும். வெளியே விற்பதற்கு ஆகாதது வீட்டுக்குள் தின்பதற்கு மிக நல்லது. பிரிட்ஜில் வைக்க வேண்டுமானால் குழைந்த பிறகு வையுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஆகவே நடவடிக்கை கேட்ட வாசகரோடு சேர்ந்து நானும் கேட்கிறேன். ஆனால் வேறு நடவடிக்கைகளை. பெட்டியின் மேல் ரகத்தின் பெயரையும், அப்படியே தின்னலாமா, குழைந்த பிறகுதான் தின்ன வேண்டுமா என்பதையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். குலு பள்ளத்தாக்கிலிருந்து வலை உறை போட்டு வரும் பழத்துக்கும், வெளிநாட்டிலிருந்து வரும் பழத்துக்கும் இது பொருந்தட்டும். சுற்றுலாப் பயணியிடம் விற்கும் கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். குன்னூர் சிம்ஸ் பூங்காவை ஒட்டிய பழவியல் நிலையத்தில் பெர்சிமன் மரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சீசனிலும் சிறு விவசாயிகளை அழைத்து, கத்தரியால் பறிப்பதையும் புல்லியைக் காப்பதையும் வெந்நீர் முறையையும் அங்கே செய்து காட்டினால், கூடுதல் செலவு பெரிதாக இராது. வண்டி வைத்திருப்பவர்கள் பெர்சிமனை வாழையோடும் மாம்பழத்தோடும் ஏற்றுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டும். ஒரே ஊரில் இருக்கிற நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம் அது, பேச ஆரம்பித்திருக்கிறேன்.

வரும் சீசனில் மலைத் தோட்டக்காரர்கள் ரகம் பிரித்து, புல்லி கிழியாமல் பறித்துக் கொண்டுவந்தால், அந்தக் கூடாரத்தை அவர்களுக்குத் திறந்துவிடுகிறேன். முதல் சில சுமைகளுக்குச் சிலிண்டர் செலவு என்னுடையது. எந்தத் தேதியில் கூடாரம் அடைக்கிறோம் என்பதை முன்கூட்டியே மண்டிப் பலகையில் எழுதி வைப்போம். கடிதம் எழுதிய அந்த வாசகரும் விரும்பினால் வந்து, வெட்டிய துண்டைத் தாளில் அழுத்திப் பார்த்து, தின்றும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பழ வியாபாரி ஒருவர்,
மேட்டுப்பாளையம்.